முடிச்சின் வலிமையா, அவிழும் வேகமா?

உலோகம் கொண்ட மீமூலக்கூற்று பாலிமர்களின் சங்கிலி, பாலிதீனின் சங்கிலியைப் போல எளிதில் அறாத பிணைப்பால் ஆனதல்ல. இரு முனைகளிலும் உலோகத்தைப் பற்றும் ஈனிகள் கொண்ட சிறு மூலக்கூறுகளைக் கரைத்து, துத்தநாக அயனியையோ இரும்பு அயனியையோ சேர்த்தால், அது முனைகளை முடிச்சிட்டுச் சங்கிலியை நீட்டுகிறது. முடிச்சு அவிழும், மீண்டும் விழும். இத்தகைய கரைசல் நீராய் ஓட வேண்டுமா, கூழாய் நிற்க வேண்டுமா என்பதைக் கட்டுப்படுத்த நினைப்பவர் முதலில் தேடுவது வலுவான பிணைப்பை. அது போதாது. முடிச்சு எவ்வளவு விரைவில் அவிழ்கிறது என்பதே ஓட்டத்தை ஆள்கிறது.

வலுவான பிணைப்பு பெரும்பாலும் மெதுவாகவே அவிழும் என்பதால், இவ்விரண்டையும் தனித்தனியே சோதிப்பது கடினம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கிரெய்க் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வுகள் அதைச் சாதித்தன. பாலிவினைல்பிரிடினை டைமெத்தில் சல்பாக்சைடில் கரைத்து, பல்லேடியம் அணைவுகளால் சங்கிலிகளைக் குறுக்கே இணைத்தார்கள். அணைவின் ஓரத்து மெத்தில் தொகுதிகளுக்குப் பதிலாகச் சற்றே பெரிய எத்தில் தொகுதிகளை வைத்தபோது, சங்கிலியிலுள்ள பிரிடினைப் பற்றும் வலிமையைக் காட்டும் சமநிலை மாறிலி ஏறக்குறைய அப்படியே இருந்தது. விடும் வேகம் மட்டும் நூறு மடங்கு அளவில் குறைந்தது. முடிச்சுகளின் எண்ணிக்கை கூடவில்லை. ஆனாலும் பாகுநிலை பல பத்து மடங்கு உயர்ந்தது. ஓரத்தில் இடத்தை அடைக்கும் சில கார்பன் அணுக்கள் ஒரு கரைசலின் இயல்பையே மாற்றிவிட்டன என்பது வியக்கத்தக்க செய்தி.

அப்படியானால் சமநிலை மாறிலிக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. முதலில் சொன்ன, முனைகளை முடிச்சிட்டு வளரும் வகையில், பிணைப்பு நலிந்தால் சங்கிலியே நீளாது. அயனியும் ஈனி மூலக்கூறும் ஒன்றுக்கு ஒன்றாக இருக்கும்போதுதான் அது மிக நீள்கிறது. துத்தநாகம் மிகுந்தால் ஒவ்வொரு முனைக்கும் தனி அயனி கிடைத்து வளர்ச்சி நின்றுவிடும். கரைசலை மிகவும் நீர்க்கச் செய்தால் முனைகள் தம் மறுமுனையையே பற்றி வளையமாகிவிடும். எத்தனை சங்கிலிகள், எவ்வளவு நீளம் என்பதை இவை சொல்லும். இழுக்கும்போது அச்சங்கிலிகள் எப்படி இளகும் என்பதைச் சொல்ல வேகம் வேண்டும். டெர்பிரிடின் என்ற ஈனி கொண்ட முனைகளை ருத்தேனியத்தால் இணைத்தால், அறை வெப்பநிலையில் முடிச்சு அவிழ்வதே அரிது. துத்தநாகத்தால் இணைத்தால் ஓயாமல் இடம் மாறும். கரைப்பானும் முக்கியமல்லவா என்பது அடுத்த கேள்வி. டைமெத்தில் சல்பாக்சைடு தானே உலோகத்தைப் பற்றவல்லது. பிரிடினை வெளியேற்றுவதில் அதற்குப் பங்குண்டு. கரைப்பானின் செல்வாக்கிலும் ஒரு பகுதி அவிழும் வேகத்தின் வழியேதான் வருகிறது. எனவே, சமநிலை மாறிலியோடு இந்த வேகத்தையும் அளந்து தருமாறு ஆய்வாளர்களிடம் கேட்பது நியாயம். ஊசிமுனை வழியே எளிதாக வழிந்து, வெளியே வந்ததும் இறுக வேண்டிய கூழுக்கு எந்த உலோகம் பொருந்தும் என்பதை மாறிலியை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.