ஐம்பது பிரதிகளில் ஓர் இசை

பாடகர் இல்லை, பக்கவாத்தியம் இல்லை, இராகமும் தாளமும் இல்லை. ஓர் இரைச்சல் எழுந்து மெல்ல மெல்ல நிறம் மாறுகின்றது. எங்கோ ஓர் இயந்திரம் மூச்சு விடுவது போன்ற ஓசை கேட்கின்றது. இதனையும் இசையென்று கொள்வார் உளர். இத்தகைய இசையைத் தம் வீட்டிலேயே ஆக்கி, ஐம்பது அல்லது நூறு கசெற்றுகளிற் பதிந்து, தபால் மூலம் அனுப்பிய ஒரு சிறு கூட்டத்தாரின் முயற்சி அறியத்தக்கது.

சோதனை முறையிலான மின்னிசை வளர்ந்த இடம் வானொலி நிலையமே. 1948 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு வானொலியிற் பணிபுரிந்த பியர் ஷேஃபர், புகைவண்டியின் ஓசைகளைப் பதிவுசெய்து, அவற்றை இணைத்து ஓர் இசைப் படைப்பாக்கி ஒலிபரப்பினார். 1951 இல் மேற்கு ஜேர்மனியின் கொலோன் வானொலியில் மின்னிசைக்கெனவே ஒரு கூடம் அமைந்தது. ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலிகளையும் பிணைத்து ஸ்ரொக்ஹவுசன் அங்கு ஆக்கிய படைப்பு 1956 இல் அரங்கேறியது.

அக்கூடங்களின் கருவிகள் பெருவிலையின. அவற்றின் வாயில் திறவாதவர்க்கு இவ்விசையை ஆக்குதல் அரிது. ஆக்கினும் வெளியிடுதல் அதனினும் அரிது. இசைத்தட்டு வெளியிட வேண்டின், முதலில் உலோக அச்சு வார்த்தல் வேண்டும். தட்டுகள் ஐம்பதாயினும் ஐயாயிரமாயினும் அந்த முதற்செலவு குறைவதில்லை. ஆகவே, ஐம்பது பேர் மட்டுமே கேட்கக்கூடிய இசைக்கு இசைத்தட்டில் இடமிருக்கவில்லை.

இத்தடையை நீக்கியது கசெற். 1963 இல் பெர்லின் நகரத்து வானொலிக் கண்காட்சியிற் பிலிப்ஸ் நிறுவனம் அதனை அறிமுகப்படுத்தியது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஒட்டென்ஸ் என்னும் பொறியியலாளர். அதன் நாடா 4 மில்லி மீற்றருக்கும் குறைந்த அகலமுடையது, வினாடிக்கு 4.76 சென்ரி மீற்றர் வேகத்தில் ஓடுவது. ஒலிப்பதிவுக் கூடங்களின் நாடாவோ வினாடிக்கு 38 சென்ரி மீற்றர் வேகத்திலும் அதற்கு மேலும் ஓடும். வேகம் குறையக் குறைய நுண்ணிய ஒலிகள் மங்கும். நாடாவின் ‘உஸ்’ என்ற இரைச்சல் மேலோங்கும். ஆதலால், தொடக்கத்திற் பேச்சைப் பதிவதற்கே இது ஏற்றதெனக் கருதப்பட்டது. எனினும் இதற்கொரு தனிச்சிறப்பு உண்டு. இரண்டு கருவிகளும் அவற்றை இணைக்கும் ஒரு கம்பியும் இருந்தால், எவரும் வீட்டிலேயே பிரதி எடுக்கலாம். இன்னொரு பிரதிக்கு ஆகும் செலவு ஒரு வெற்றுக் கசெற்றின் விலை மட்டுமே.

1979 இல் டோக்கியோவில் மசாமி அகிட்டா, ‘மெர்ஸ்போ’ என்னும் பெயரில் இரைச்சலிசை ஆக்கத் தொடங்கினார். தம் சிறு வெளியீட்டகத்தின் வாயிலாக அக்கசெற்றுகளைத் தபாலில் அனுப்பினார்; உறைகளையும் நிழற்படப் பிரதிகளால் தாமே செய்தார். 1983 இல் நியூயோர்க்கில் ‘டெல்லஸ்’ என்ற கசெற் சஞ்சிகை தோன்றிப் பத்தாண்டுகள் நிலவியது. அதே நகரத்தின் அல் மார்கோலிஸ் 1984 இல் தொடங்கிய வெளியீட்டகம் சில ஆண்டுகளில் ஏறக்குறைய 300 கசெற்றுகளை வெளியிட்டது. விற்பனையினும் பண்டமாற்றே இவர்களிடையே பெருவழக்கு. ஒருவர் கசெற் அனுப்புவார். மற்றவர் தமது கசெற்றை மறுதபாலில் அனுப்புவார்.

பிரதிகள் குறைவாயிருந்தமைக்கு ஆடம்பரம் காரணமன்று. 60 நிமிடக் கசெற்றை ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் பிரதி செய்ய 60 நிமிடம் ஆகும். ஐம்பது பிரதிக்கு ஐம்பது மணி நேரம். கேட்போர் தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. பிரதிக்குப் பிரதி எடுக்கையில் மிகும் இரைச்சலைக் கூடச் சிலர் குறையென ஒதுக்காது, இசையின் ஓர் உறுப்பாகவே ஏற்றுக்கொண்டனர்.

இச்சிறுமையே இவ்விசைக்கு இடருமாயிற்று. கசெற் நாடா என்பது காந்தத் துகள் பூசிய மெல்லிய பிளாஸ்ரிக் சுருள். வெப்பமும் ஈரமும் அப்பூச்சைக் கெடுக்கும். நெடுநாள் சுற்றிக் கிடப்பின், ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றிற் பதிந்து, மௌனமான இடத்திற் பேய்க்குரல் போல ஒலிக்கும். மூல நாடாவும் அழிந்துவிட்டால், எஞ்சுவன கேட்டவரிடம் உள்ள பிரதிகளே. டெல்லஸ் கசெற்றுகள் எண்முறைப் பதிவாக மாற்றப்பட்டமையால் இன்று இணையத்திற் கேட்கக் கிடைக்கின்றன. எல்லாக் கசெற்றுகளுக்கும் அப்பேறு வாய்க்கவில்லை.

1982 இல் இறுவட்டும், பின்னர் இணையமும் வந்தன. இன்று எவரும் தம் இசையை உலகெங்கும் ஒரு நொடியில் அனுப்பலாம். அவ்வாறிருந்தும் சிறு வெளியீட்டகங்கள் இன்னும் ஐம்பதும் நூறுமாகக் கசெற் வெளியிடுகின்றன. அன்று அந்த எண்ணிக்கை வசதிக் குறைவால் வந்தது. இன்று விரும்பி ஏற்கப்படுகின்றது. பேரிசைக்குக் காப்பகங்கள் உண்டு. ஐம்பது பிரதிகளில் வாழும் இசைக்கோ அதனைக் கேட்பவரே காப்பாளர். அவர் தம் அலுமாரியை ஒழுங்கு செய்யும்போது எதனை வைத்திருக்கின்றார், எதனை எறிகின்றார் என்பதிலேயே அதன் ஆயுள் தங்கியுள்ளது.