வீட்டுப் படங்களுக்கு எஜமானர் யார்?

சேர்வராயன் மலையில், ஏற்காட்டுத் தாலுக்காவைச் சேர்ந்த வாழவந்தி என்னும் கிராமத்தில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. கொஞ்சம் காப்பித் தோட்டமும், மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளும், ஓட்டு வீடும், வயதான தாயாருமாக வாழ்கிறவர். நாலு நாள் அங்கே தங்கி, ஒரு வேலையும் செய்யாமல் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்ற உத்தேசத்துடன் நாம் மலை ஏறினோம். முதல் நாள் மாலையே அந்த உத்தேசம் கெட்டுப்போயிற்று. நண்பரின் தாயார் கேட்ட ஒரு சின்னக் கேள்விதான் அதற்குக் காரணம்.

"தம்பி! எங்க வீட்டுக்காரர் படம் இந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்குதுன்னு பையன் சொல்றான். அதைப் பெரிசாப் போட்டுச் சுவத்திலே மாட்டணும்னு மூணு வருசமாக் கேக்கிறேன். நீங்களாவது எடுத்துக் கொடுக்கக் கூடாதா?"

பெட்டி என்று அவர் குறிப்பிட்டது மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரை. நண்பர் தலையைச் சொறிந்தார். உள்ளே ஏறக்குறைய 12,000 படங்கள் இருந்தன. 'புதியது', 'புதியது 2', 'போன் படங்கள்', 'பார்க்க வேண்டியவை' என்று பல அறைகள். ஒவ்வொரு படத்துக்கும் காமிரா தானாக இட்ட ஓர் எண்ணைத் தவிர வேறு பெயர் கிடையாது. ஒரே கல்யாணம் மூன்று இடங்களில் நடந்துகொண்டிருந்தது. இரவு பத்து மணி வரையில் தேடினோம். கடைசியில் படம் அகப்பட்டது. காப்பி காயப்போடும் களத்தில் நின்று, யாரோ சொன்னதைக் கேட்டுப் பெரியவர் வாய்விட்டுச் சிரிக்கும் படம்.

ஆனால் அதைப் பெரிதாக்கியதும் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. விஷயம் இதுதான்: உறவினருக்குக் கைப்பேசிச் செய்தியாக அனுப்பும்போது சுருங்கிப்போன பிரதி அது. அசல் இருந்த கைப்பேசியோ தண்ணீர்த் தொட்டியில் விழுந்து வெகு நாளாயிற்று. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அழிந்தவை எத்தனை!

இது ஒரு வீட்டுச் சங்கதி மட்டுமல்ல. 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று நமக்கு இல்லை. ஒரு பிரதிகூட எஞ்சியதாகத் தெரியவில்லை. ஊரெல்லாம் பார்த்துக் களித்த படத்தின் கதியே அப்படி. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, ஆல்பங்களும் கம்ப்யூட்டர்களும் ஒரே தண்ணீரில் ஊறின. காகிதப் படமானால் காய வைத்துப் பார்க்கலாம். மின்தட்டில் இருந்த படமோ, தட்டுக் கெட்டால் ஒரேயடியாகப் போய்விடும்.

ஆகையால், படத்தைக் கம்ப்யூட்டருக்குள் போட்டதோடு கடமை தீர்ந்தது என்று நினைப்பது பெரும் பிசகு. பெயரிட்டு வரிசைப்படுத்துதல், அசலைக் கெடுக்காமல் திருத்துதல், பிரதி எடுத்து வைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால்தான் படம் வீட்டில் இருக்கிறது என்று சொல்லலாம். மறுநாள் காலை நண்பரும் நாமும் இந்த மூன்று காரியங்களில் இறங்கினோம்.

பெயரில்லாத படம்

முதலில் வருஷத்துக்கு ஓர் அறை, அதற்குள் மாதத்துக்கு ஓர் அறை. காமிரா எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். இதற்கு 'எக்ஸிஃப்' என்று பெயர். ஆகவே வரிசைப்படுத்தும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடும். செய்திச் செயலிகள் வழியே வந்த படங்களில் இந்தக் குறிப்பு பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும்; அவற்றுக்கு நாம்தான் தேதி எழுதவேண்டும்.

இந்தக் காரியத்துக்கு 'டிஜிகாம்' என்னும் மென்பொருளை உபயோகித்தோம். ரெஞ்சி ராஜு என்பவர் 2001-ல் தொடங்கியது, பின்னர் பலர் கூடி வளர்த்து வருவது, விலை கிடையாது. ஒருவருடைய முகத்தைச் சில படங்களில் காட்டிப் பெயர் சொல்லிவிட்டால், மற்றப் படங்களிலும் அந்த முகத்தைத் தேடி 'இவர்தானா?' என்று கேட்கிறது. படங்களை எங்கும் அனுப்பாமல், நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இந்த வேலை நடந்துவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எழுதும் பெயர்களும் குறிப்புகளும் மென்பொருளின் சொந்தக் கணக்கில் மட்டும் தங்கிவிடக் கூடாது. 'பிக்காஸா' என்ற மென்பொருளை உலகெங்கும் எத்தனையோ குடும்பங்கள் நம்பியிருந்தன. 2016-ல் கூகிள் கம்பெனி அதைக் கைவிட்டது. படங்கள் பிழைத்தன, முகங்களுக்கு இட்ட பெயர்களும் தொகுத்த ஆல்பங்களும் பலருக்குப் பயன்படாமல் போயின. டிஜிகாமின் அமைப்புப் பக்கத்தில், குறிப்புகளைப் படக்கோப்பிலேயே எழுதும்படி ஒரு கட்டளை உண்டு. அதை முதல் நாளே இட்டுவிட வேண்டும். நாளைக்கு எந்த மென்பொருள் வந்தாலும், போனாலும், பெயர் படத்துடனேயே இருக்கும். பிறர் வீட்டுத் திண்ணையில் குடியிருப்பவன் அவர் எழு என்றால் எழவேண்டியதுதானே? நம் வீட்டு நினைவுகளுக்கு நாமே எஜமானராக இருப்பது நல்லது.

மேகம் தீட்டிய காப்டன்

இனி, திருத்தும் கலை. இது புதிதென்று நினைக்க வேண்டாம். லின்னேயஸ் டிரைப் என்ற காப்டன், சென்னை ராஜதானியின் அதிகாரபூர்வமான படக்காரராக 1857-58-ல் ஊர் ஊராகச் சுற்றினார். அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ராயக்கோட்டைப் படங்கள் 1858-ல் ஓர் ஆல்பமாகவே வெளிவந்தன. அக்காலத்து ரஸாயனத்தில் ஆகாயம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் தம் காகித நெகடிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டிச் சரிசெய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையை 21 நெகடிவ்களாக எடுத்து, ஒரே நீளப் படமாக ஒட்டியவரும் அவரே.

அவர் நெகடிவின் மேலேயே தீட்டினார். நமக்கு அந்த அவசியம் இல்லை. 'டார்க்டேபிள்' போன்ற மென்பொருள்கள் அசலைத் தொடுவதே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டு, சாய்வை நிமிர்த்து என்று நாம் சொன்னவற்றைப் பக்கத்தில் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கின்றன. வேண்டாமென்றால் குறிப்பை நீக்கிவிடலாம். மற்ற மென்பொருள்களில் திருத்துகிறவர்கள், புதுப் பெயரில் பிரதி எடுத்துக்கொண்டு அதில் திருத்த வேண்டும். 'ஜேபெக்' கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் படத்தின் நுட்பம் சிறிது தேய்கிறது.

மலைநாட்டாருக்கு ஒரு வார்த்தை. பனி மூடிய காட்சியைக் காமிரா சாம்பல் நிறமாக எடுக்கும். வெளிச்சத்தைச் சற்றே உயர்த்தினால் பனி வெண்மையாகும். காப்பிப் பூக்களும் துலங்கும். பனியை அடியோடு நீக்கும் வித்தையும் மென்பொருளில் உண்டு. ஆனால் பனியை நீக்கிவிட்டால் அது ஏற்காட்டுப் படமாக இராது!

மூன்று, இரண்டு, ஒன்று

படக்காரர்கள் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. பிரதிகள் மூன்று; இருவகைச் சாதனங்களில்; அவற்றில் ஒன்று வேறு ஊரில். படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் என்றால், 12,000 படங்களுக்கு 48 ஜிகாபைட். ஒரு டெராபைட் தட்டில் இரண்டரை லட்சம் படம் கொள்ளும். ஆகவே செலவைச் சாக்காகச் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டரில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று. பிரதி எடுத்ததும் வெளித்தட்டைக் கழற்றிப் பீரோவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்னல் இரண்டையும் சேர்த்துக்கொண்டு போகும். இணையக் களஞ்சியத்தையும் உபயோகிக்கலாம்; ஆனால் கைப்பேசியோடு ஒத்துப்போகும்படி அமைத்த களஞ்சியத்தில், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதை மறக்கலாகாது.

எடுத்த பிரதி திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். 1998-ல் அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனியார் 'டாய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக் கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் பெரும்பகுதி அழிந்தது. பிரதியைத் தேடினால், அது சரியாக எடுக்கப்படவே இல்லை! கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு பெண்மணியின் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது.

இந்தக் கதையை நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நண்பர் துள்ளி எழுந்தார். "சேலத்தில் இருக்கிற என் தங்கை, ஒரு விசேஷத்துக்கு வந்தபோது அப்பாவின் போன் படங்களையெல்லாம் ஒரு தட்டில் ஏற்றிக்கொண்டு போனாளே!" என்றார். உடனே டெலிபோனில் பேசினார். தட்டு அலமாரியின் அடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து சேர்ந்தாள். அசல் படம் அதில் பழுதின்றி இருந்தது.

சாய்வை நிமிர்த்தி, முகத்தில் விழுந்திருந்த நிழலை மட்டும் கொஞ்சம் தணித்தோம். குறிப்பில் என்ன எழுதலாம் என்று அந்த அம்மாளைக் கேட்டோம். பெயர், ஊர், வருஷம் எல்லாம் சொன்னார். பிறகு சற்று யோசித்து, "சிரிக்க வச்சது நான்தான், அதையும் எழுதிக்குங்க" என்றார். எழுதினோம். அந்தப் பெண் திரும்பிப் போகும்போது, 12,000 படங்களின் முழுப் பிரதியும் அவளுடன் சேலத்துக்கு இறங்கியது.