உங்களுக்குத் தெரியுமா? காரின் அகன்ற உடல் வெறும் அலங்காரம் அல்ல

2018 மாடல் டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் 'வைட்பாடி' காரில் புடைத்த மட்கார்டு விளிம்புகள் மொத்த அகலத்தை 3.5 அங்குலம் கூட்டின. காரணம், டயர். 707 குதிரைத்திறனைச் சாலையில் இறக்க, 275 மி.மீ. அகல டயருக்குப் பதில் 305 மி.மீ. டயர் தேவைப்பட்டது, டயர் அகன்றால் அதை மூடும் தகடும் அகன்றாக வேண்டும். இதைக் கையால் செய்வோர், காரின் மீதே களிமண்ணால் வடிவம் பிடித்து, அச்சு எடுத்து, அதில் மெழுகு பூசி, ஃபைபர் துணியையும் ரெசினையும் அடுக்கடுக்காக ஒட்டிப் பெயர்த்தெடுக்கிறார்கள். பிறகு பழைய மட்கார்டை வெட்டுகிறார்கள். வெட்டிய விளிம்பைச் சரியாக அடைக்காவிட்டால் துரு ஏறும்.

நம்மிடம் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. வெறும் சேஸியாக வரும் பஸ்ஸுக்குக் கரூர் பட்டறைகள் முழுக் கூண்டே கட்டுகின்றன. ஆனால் அந்தக் கூண்டுக்குத் தர விதிகள் உண்டு. பதிவான காரையோ, உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. "வெளித்தகடுதானே, என்ன ஆபத்து?" என்று கேட்கலாம். தகட்டோடு சக்கரமும் வெளியே தள்ளப்படும்போது பேரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் சுமை கூடுகிறது. எனவே கட்டுப்பாடு நியாயமே. ஆனால் தடையோடு நின்றுவிடக் கூடாது. பஸ் கூண்டுக்கு இருப்பதுபோல, சோதித்து அனுமதிக்கும் வழி காருக்கும் வேண்டும். அப்போதுதான் இந்தத் திறமை திருட்டுத்தனமாக அல்ல, பொறுப்போடு வளரும்.