தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

எல்லைக் காடு: 11

ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி. கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஊர்கள். அன்று சேலம் மாவட்டம், இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். பெங்களூரில் விமானத் தொழிற்சாலை வேலை, விடுப்பு கிடைத்தால் நேராக இந்தக் காடு என்று இருந்தவர் அவர். 1954-இல் வெளியான அவருடைய முதல் புத்தகத்திலேயே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியும், தளிப் பக்கத்துக் கும்மளாபுரத்துச் சிறுத்தையும் வந்துவிட்டன.

போன வாரம் அவருடைய .405 வின்செஸ்டர் துப்பாக்கி பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வேப்பனப்பள்ளியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: “என் மகள் ஐந்தடிகூட இல்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்திருக்கிறாள். துப்பாக்கி தோளை உடைத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். சின்ன உடம்புக்காரர்கள் சுடவே கூடாதா?”

தாராளமாகச் சுடலாம். ஆனால் எதை, எங்கே, எந்த வரிசையில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அந்த உதை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தோட்டா முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் வரும். பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். குண்டின் எடை, அதன் வேகம், மருந்தின் அளவு ஆகியவை கூடினால் உதை கூடும். துப்பாக்கியின் எடை கூடினால் உதை குறையும். அதே தோட்டாவை இரண்டு மடங்கு எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால், தோளில் இறங்கும் ஆற்றல் பாதியாகிவிடும்.

ஆண்டர்சனின் .405-இல் குண்டு மட்டும் 19 கிராமுக்கு மேல். துப்பாக்கியோ நாலு கிலோவுக்கும் குறைவு. கணக்குப் போட்டால் தோளுக்கு வரும் ஆற்றல் ஏறக்குறைய 40 ஜூல். அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கிளம்பியபோது சிங்கத்துக்கென்று எடுத்துப் போனதும் இதே ரகம்தான். பத்தடி தூரத்தில் புதரிலிருந்து ஆட்கொல்லி பாயும் என்று காத்திருப்பவருக்குப் பெரிய குண்டு தேவைப்பட்டிருக்கலாம். அதை வைத்துக்கொண்டு யாரும் சுடப் பழக முடியாது.

இன்னொரு வேட்டைக்காரரான ஜிம் கார்பெட்டின் கதை வேறு. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டு வீழ்த்தியதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஹீவெட் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது .275 ரிக்பி. ஜெர்மானிய 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவுக்கு ரிக்பி என்ற லண்டன் கம்பெனி வைத்த பெயர் அது. அதில் போடும் 9 கிராம் குண்டுக்குத் தோளில் இறங்குவது சுமார் 16 ஜூல். ஆண்டர்சனின் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926-இல் கார்பெட் வீழ்த்தியது இந்தத் துப்பாக்கியில்தான். ஸ்காட்லாந்துக்காரரான பெல், தந்தத்துக்காக ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றில் பெரும்பகுதியை இதே 7 மில்லிமீட்டரில் சுட்டார். யானை வழித்தடத்தில் வாழும் நமக்கு அதைப் படிக்கவே சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் அதில் ஒரு பாடம் உண்டு: குண்டின் பருமனைவிட அது போய்ச் சேரும் இடம் முக்கியம். உதை குறைந்தால்தான் அந்த இடத்தில் கை நிற்கும்.

உதை உண்மையில் கெடுப்பது தோளை அல்ல, மனத்தை. தோள் வலி இரண்டு நாளில் போய்விடும். “இப்போது அடிக்கப் போகிறது” என்று உடம்பு கற்றுக்கொண்ட பயம் போகாது. விசையை அழுத்துவதற்கு முந்தைய கணத்தில் கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குழல் முனை கீழே இறங்கும். சுடுபவருக்கே இது தெரியாது. குறி ஏன் தப்புகிறது என்று துப்பாக்கியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு பயிற்சி முகாமில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இதைக் கண்டுபிடித்த விதம் அழகு. தார்ப்பாயில் குப்புறப் படுத்திருந்த மாணவியிடம் துப்பாக்கியை வாங்கி, அவளுக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் விசையை அழுத்தினாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை இரண்டு விரற்கடை கீழே இறங்கியது.

“பாத்தியா பாப்பா? வெடிக்கவே இல்லை. நீதான் குனிஞ்சே.”

“அடிக்குமோன்னு பயம் இல்ல சார். சத்தம்தான்…”

“சத்தத்துக்குக் காதை மூடலாம். கண்ணை மூடாதே.”

காதுக்கு அடைப்பானும் அதன் மேல் உறையும் மாட்டிவிட்டார். நிஜத் தோட்டா எது, வெற்றுத் தோட்டா எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிச் சுட வைத்தார். கொஞ்ச நேரத்தில் முனை அசையாமல் நின்றது. உதை என்று நாம் நினைப்பதில் பாதி, காதில் விழும் வெடிதான். காதை மூடாமல் எந்தத் துப்பாக்கியையும் சுடக் கூடாது. பயத்துக்காக மட்டும் சொல்லவில்லை, போன செவித்திறன் திரும்பி வராது.

அடுத்தது அளவு. செருப்பு வாங்கும்போது கால் பார்க்கிறோம். துப்பாக்கிக்குக் கை பார்க்க வேண்டும். முழங்கையை மடக்கி, துப்பாக்கிக் கட்டையின் பின்புறத்தை முழங்கை மடிப்பில் பொருத்துங்கள். ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையில் இயல்பாகப் பட வேண்டும். எட்டி இழுத்தால் கட்டை நீளம் என்று அர்த்தம். கடையில் வரும் பெரும்பாலான துப்பாக்கிகள் ஐந்தரை, ஆறடி ஆண்களுக்கு அளவெடுத்தவை. நீளக் கட்டையைச் சின்ன உடம்புக்காரர் பிடித்தால், கழுத்தை நீட்டி, இடுப்பைப் பின்னால் வளைத்து நிற்பார். கட்டை தோள்குழியில் உட்காராமல் புஜத்து எலும்பில் உட்காரும். அப்போது சின்ன உதையும் பெரிதாக வலிக்கும். கட்டையைக் குட்டையாக்கி, பின்னால் ரப்பர் பட்டை ஒட்டினாலே அதே துப்பாக்கி பாதி சாதுவாகிவிடும்.

தொலைநோக்கி பொருத்தியதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். கட்டை பொருந்தாமல் முகத்தை முன்னால் கொண்டு போகிறவர்களுக்கு, உதைத்து வரும் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டுப் போட்டுவிடும்.

“அப்படியென்றால் சின்னவர்களுக்கு எடை குறைந்த துப்பாக்கியாக வாங்கிவிடலாமே” என்று தோன்றும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தூக்க லேசான துப்பாக்கி, சுடும்போது கூடுதலாக உதைக்கும். வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் அனுபவசாலிகள் துப்பாக்கியின் எடையில் கை வைப்பதில்லை, தோட்டாவைத்தான் சிறிதாக்குகிறார்கள். கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் நம்மவர்கள் முறைப்படி உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போவதானால், கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது .243 வின்செஸ்டராக இருக்கலாம். ஆறரை கிராம் குண்டு, 12 ஜூல் அளவு உதை. ஸ்வீடனில் குதிரை அளவு இருக்கும் மூஸ் மானையே 6.5 மில்லிமீட்டர் தோட்டாவில் தலைமுறை தலைமுறையாகச் சுட்டு வருகிறார்கள்.

வேப்பனப்பள்ளிக்கு இது பொருந்துமா? பொருந்தாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. மானைச் சுட்டாலும் பன்றியைச் சுட்டாலும் வழக்குத்தான். ஆண்டர்சன் அலைந்த காடுகளில் பெரும்பகுதி 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டது.

இந்தப் பக்கம் ‘துப்பாக்கி’ என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, கம்பியால் கெட்டித்து, இரும்பு ரவையைப் போட்டுச் சுடுவது. மருந்துக்கு அளவு கிடையாது, உள்ளங்கைக் கணக்குத்தான். ஆகவே உதைக்கும் கணக்கு கிடையாது. ஒரு நாள் தட்டும், இன்னொரு நாள் ஆளைச் சாய்க்கும், மருந்து மிஞ்சினால் குழலே வெடித்து விரலைக் கொண்டு போகும். உரிமம் இல்லாத துப்பாக்கிகளைத் தாமாகவே ஒப்படைத்துவிடும்படி வனத்துறையும் காவல்துறையும் இந்த மாவட்டத்தின் மலைக் கிராமங்களில் அவ்வப்போது கேட்டுக்கொள்கின்றன. ஆயுதச் சட்டம் 1959, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய் வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் வைத்திருக்கிறது. ஆனால் அந்த உரிமம் கையில் இருப்பதாலேயே காட்டு விலங்கைச் சுடலாம் என்றாகிவிடாது.

நிலக்கடலையும் ராகியும் போட்டவர்களின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரே இரவில் பன்றிக் கூட்டம் கொல்லையை உழுதுவிட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அதற்கான வழியை அரசு 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் போனால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். சுடுவது அவர்கள் வேலை. விவசாயிக்கும் அவர் மகளுக்கும் அந்த அனுமதி இல்லை. நாட்டுத் துப்பாக்கி, இரையில் வெடி வைக்கும் அவுட்டுக்காய், மின்வேலி என்று இறங்கினால் பன்றிக்கு வைத்தது யானைக்குப் போகும், மனிதனுக்கும் போகும்.

அப்படியானால் வாசகியின் மகளுக்கு என்ன துப்பாக்கி? என்.சி.சி.யில் அவளுக்குக் கிடைக்கப் போவது .22, முகாமில் ‘பாயிண்ட் டூ டூ’ என்பார்கள். இரண்டரை கிராம் குண்டு, தரையில் படுத்துச் சுடுவது, உதை கால் ஜூல்கூட வராது. தோளில் யாரோ விரலால் தொட்ட மாதிரி இருக்கும். பயப்பட ஒன்றுமே இல்லை. சத்தத்துக்குக் காதடைப்பான் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்படி, 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அரை கிராம் ஈயக்குண்டு, அழுத்தக் காற்று, வெடிமருந்தே கிடையாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். போட்டித் துப்பாக்கி ஐந்தரை கிலோ வரை இருக்கலாம் என்பதால் சின்ன உடம்புக்கு இங்கே சவால் உதையில் இல்லை, எடையைத் தாங்குவதில் இருக்கிறது. அதற்கும் வழி உண்டு. இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, எடையைத் தசையில் ஏற்றாமல் எலும்பு வழியாகத் தரைக்கு இறக்கிவிடுவார்கள். இதில் உயரம் கைகொடுப்பதைவிட நிதானம் கைகொடுக்கும்.

சட்டமும் இங்கே ஓரளவு இளகியிருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்றால் அந்த ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் வேண்டாம். அதைத் தாண்டினால் வேண்டும். தோட்டாத் துப்பாக்கிக்குச் சொந்தமாக உரிமம் பெற 21 வயது ஆக வேண்டும். இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள், உரிமத்தோடு தனிநபர்கள் வாங்கக்கூடிய ஒன்று. ஆனால் அதன் குண்டு 15 கிராமுக்கு மேல். கற்றுக்கொள்ளும் கைக்கு அது ஏற்றதில்லை. வீட்டில் தாத்தா காலத்து .315 இருக்கிறதே என்று அதில் ஆரம்பிக்காதீர்கள். ஏர் ரைஃபிளை வைத்துக் கொக்கையும் புறாவையும் குறி பார்க்கவும் விடாதீர்கள். குழல் சிறியதென்று சட்டம் மன்னிக்காது.

ஆகவே அம்மா, வரிசை இதுதான்: முதலில் ஏர் ரைஃபிள், பிறகு .22, அதுவும் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, சுடுதளத்தில் மட்டும். கட்டை நீளத்தை முழங்கை வைத்துப் பாருங்கள். எவ்வளவு பெரிய துப்பாக்கியைச் சுட்டாள் என்று ஊரில் சொல்லிக்கொள்ளும் ஆசையை விட்டுவிடுங்கள். சுட்டு முடித்து எழுந்த பிறகும் “இன்னும் பத்து குண்டு சுடட்டுமா சார்?” என்று எந்தத் துப்பாக்கி அவளைக் கேட்க வைக்கிறதோ, அதுதான் அவளுக்கு ஏற்ற துப்பாக்கி.

(தொடரும்)