துஆவும் தவாவும்

குடும்பத்தில் ஒருவர் உறக்கமிழந்து தமக்குத்தாமே பேசத் தொடங்கினால், பொள்ளாச்சி வட்டாரத்து நம் இல்லங்களில் முதலில் எழும் சொல் "ஜின்" என்பதுதான். அடுத்த வாரமே ஏர்வாடிக்குப் பயணம். அங்கே அடங்கியிருக்கும் குத்பு சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீது (ரஹ்) அவர்களின் சிறப்பைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆயினும் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அவ்வூரில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்துவிடலாகாது. தனியார் காப்பகமொன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாமல் கருகினர். மாண்டவர் 28 பேர். இத்தகைய இடங்களில் நோயாளிகளைக் கொண்டுபோய் விடுவோர் பகைவரல்லர், பெற்றோரும் உடன்பிறந்தாருமே!

சங்கிலியிடுமாறு மார்க்கம் சொல்லிற்றா? புத்தி சுவாதீனமற்றவர் தெளிவடையும்வரை அவரது செயல்கள் ஏட்டில் எழுதப்படுவதில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். தொழுகை தவறியதற்கே குற்றம் பிடிக்கப்படாத ஒருவரை, நாம் எக்குற்றத்திற்காகத் தண்டிக்கிறோம்? மதி குறைந்தோரிடம் பொருளை ஒப்படைக்க வேண்டாமெனக் கூறும் திருமறை வசனமே (4:5), அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து இனிய சொல் பேசவும் பணிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் விலங்கிடுவதை அறவே தடை செய்துள்ளது.

ஜின் உண்டென்பது நம் ஈமானைச் சார்ந்தது. ஒவ்வொரு சித்தக் கலக்கத்தையும் ஜின்னின் கணக்கில் எழுதுவது ஈமானன்று. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞர், உடல்நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். இழப்பினால் வருவது ஒன்று. காரணம் புலப்படாமல் உடலிலிருந்தே எழுவது மற்றொன்று. முன்னதற்கு ஆறுதலும் அறிவுரையும், பின்னதற்கு மருந்தும் என்றார். வஸ்வாஸையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒளுச் செய்தது கூடிற்றோ இல்லையோ என்று பத்துமுறை குழாயடிக்குத் திரும்புவோரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்றைய மருத்துவர்கள் அவர்களைப் படிப்படியாகப் பயிற்றுவித்தும், தேவையெனில் மாத்திரை தந்தும் அந்த அலைக்கழிப்பைத் தணிக்கின்றனர்.

மருத்துவம் செய்துகொள்ளலாமா என வினவிய நாட்டுப்புற அரபிகளுக்கு, செய்துகொள்ளுங்கள் என்றே பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். தீ விபத்துக்குப் பின்னர் ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவம் வழங்கும் "தவா-துஆ" ஏற்பாடு தோன்றியது. ஊரிலிருந்தபடியே ஆலோசனை பெற, 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஒன்று மட்டும்: ரமலான் வந்ததும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நோயாளி நோன்பைப் பிற்படுத்தத் திருமறை (2:184) இடந்தந்திருக்கிறது. ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்து நேரத்தை மாற்ற முடியுமா என்று, ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.