புடலங்கொடி

தில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலர் புடலங்காயைக் கூட்டாகவோ பொரியலாகவோ மட்டுமே கண்டிருப்பர். வட்டம் வட்டமாக நறுக்கிப் பாசிப்பருப்புடன் வேகவைத்த பின் அதன் இயல்பான உருவம் எவருக்கும் தெரிவதில்லை. பந்தலில் தொங்கும்போதோ, வெண்கோடுகள் ஓடிய பச்சைப் பாம்பென்றே அது தோன்றும். ஆங்கிலேயரும் அதற்குப் பாம்பின் பெயரையே இட்டனர்.

வெள்ளரி, சுரை, பீர்க்கு, பாகல் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது புடலை. வெப்பமும் ஈரமும் உள்ள நிலத்தில் அது செழிக்கும், கடுங்குளிரைத் தாங்காது. தமிழ்நாட்டு உழவர் ஆடியிலும் தையிலும் குழி எடுத்து, தொழு உரம் இட்டு விதைப்பர். முளைத்த கொடி, சுருள் சுருளான பற்றுக்கம்பிகளால் கோலைப் பிடித்துக்கொண்டு பந்தலில் ஏறும். ஏறத்தாழ இரண்டரை மாதத்தில் காய் பறிக்கலாம்.

இக்கொடியின் சிறப்பு அதன் பூவில் உள்ளது. ஐந்து வெண்ணிற இதழ்கள். ஒவ்வோர் இதழின் விளிம்பும் மெல்லிய நூலிழைகளாகப் பிரிந்திருக்கும். தாவரவியலார் இவ்வினத்திற்கு இட்ட ‘டிரைக்கோசாந்தஸ்’ என்னும் பெயருக்குக் கிரேக்க மொழியில் ‘மயிர்ப்பூ’ என்பது பொருள். இப்பூக்கள் மாலையில் விரியத் தொடங்கி இரவில் முழுமையாக மலரும். இருளிலும் வெண்மை புலப்படுவதால் அந்துப்பூச்சிகள் தேடி வந்து மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன. ஆண்பூக்கள் கொத்தாகவும் பெண்பூக்கள் தனித்தும் ஒரே கொடியில் தோன்றும். பெண்பூவின் அடியில் சிறு காய் போன்ற சூற்பை இருப்பதால் அதனை எளிதில் அடையாளம் காணலாம். ஆண்பூக்களே எண்ணிக்கையில் மிகுதி. ஆகவே பூத்துக் குலுங்கும் கொடியைக் கண்டு காய்களும் அத்தனை வரும் என எண்ணுவோர் ஏமாந்து போவர்.

இளங்காய் வளரும்போது வளைந்து சுருண்டுகொள்வதுண்டு. சுருண்ட காயைச் சந்தையில் எவரும் விரும்பி வாங்குவதில்லை. உழவரின் உழைப்புக்கு உரிய விலை கிடைக்காது. எனவே பிஞ்சின் நுனியில் நூலால் சிறு கல்லொன்றைக் கட்டித் தொங்கவிடுவர். கல்லின் எடையால் காய் நேராக நீளும். ‘கோ 1’ என்னும் வகையின் காய் ஓர் ஆளின் உயரத்தை எட்டும். அதனை ஒடியாமல் தொலைவூருக்குக் கொண்டு செல்வது கடினம். ஓரடி அளவே நீளும் ‘கோ 2’ போன்ற குட்டை வகைகளைக் கூடையிலும் பையிலும் எளிதாக அடுக்கலாம்.

மராத்தியர் இதனைப் ‘பட்வள்’ என்பர். மலையாளத்திலும் கன்னடத்திலும் வழங்கும் பெயர்களும் இவ்வொலியை ஒட்டியவையே. இந்தியில் ‘சிச்சிண்டா’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார். பீகாரிலும் வங்காளத்திலும் பெரிதும் விரும்பி உண்ணப்படும் பர்வல், புடலையின் நெருங்கிய உறவு. விரல் நீளமே உள்ள அக்காயினுள் பால்கோவாவை அடைத்து இனிப்பும் செய்வர். பர்வலில் ஆண்கொடியும் பெண்கொடியும் தனித்தனி. விதையிட்டால் எது முளைக்கும் என்று கூற இயலாது. ஆதலால் தண்டை வெட்டி நட்டு, பெண்கொடிகளுக்கு இடையிடையே சில ஆண்கொடிகளையும் வளர்ப்பர்.

காட்டில் தானே வளரும் பேய்ப்புடல் கடுங்கசப்பு உடையது. சித்த மருத்துவர் அதனை அளவறிந்து மருந்தாக்குவர். சமையலுக்கு வாங்கிய காய் கசந்தால் அதனை உண்ணாமல் எறிந்துவிட வேண்டும். இக்குடும்பக் காய்களில் கசப்பைத் தரும் ‘குக்கர்பிட்டசின்’ என்னும் பொருள் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். கசந்த சுரைக்காயின் சாற்றைப் பருகி இந்தியாவில் உயிரிழந்தோரும் உண்டு. வெட்டியவுடன் சிறு துண்டை நாவில் வைத்துப் பார்க்கும் பாட்டியரின் வழக்கம் காரணம் அறிந்ததே.

பேய்ப்புடலின் மகரந்தம் கலந்தால் அடுத்த தலைமுறைக் காயிலும் கசப்பு வரக்கூடும். அதனால் விதைக்கு வேண்டிய காயை, காட்டுக்கொடி அருகில் இல்லாத தோட்டத்திலிருந்து தேர்வது நன்று. அக்காயைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிடுவர். அது பழுத்துச் செந்நிறம் பெற்று நுனியில் வெடிக்கும். உள்ளே குருதி நிறச் சதையில் விதைகள் பொதிந்திருக்கும். நைஜீரியாவில் இச்சதையைத் தக்காளிக்கு மாற்றாகக் குழம்பில் சேர்க்கின்றனர். தமிழ்நாட்டு வீடுகளில் சதையைக் கழுவி நீக்கி, விதைகளை உலர்த்தி, சாம்பலில் புரட்டி அடுத்த ஆடிக்கென எடுத்து வைப்பர்.