ஃபோர்டு தொழிற்சாலையில் ஒரு பழைய சிப்பாய்

எங்கள் தோட்டத்துக் கடைசி லயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அவரைப் பால்வெட்டுக்காரராகத்தான் எல்லாருக்கும் தெரியும். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் துப்பாக்கி தூக்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. அவரும் சொல்லிக்கொண்டதில்லை. 2009ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் அவரை ஒரு நாள் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனேன். அப்போது அவருக்கு வயது 84.

ஜொகூர் பாருவில் 170ஆம் எண் பேருந்து ஏறினால் பாலத்தைக் கடந்து, அப்பர் புக்கிட் தீமா சாலையில் பழைய ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை வாசலிலேயே இறங்கலாம். 1942 பிப்ரவரி 15ஆம் நாள், சீனப் புத்தாண்டு தினத்தன்று மாலை, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைந்தது இங்கேதான். 2006இல் இதைப் போர்க்கால அரும்பொருளகமாகத் திறந்தார்கள்.

கையெழுத்தான அறையில் நீண்ட மேசை ஒன்று கிடக்கிறது. அசல் மேசை ஆஸ்திரேலியாவில், கான்பரா போர் நினைவகத்தில் இருக்கிறது. இது அதைப்போல் செய்தது என்று விளக்கினேன். பெரியவர் அதைச் சட்டை செய்யவில்லை.

"துரைங்க ஒக்காந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க. வயிறு காஞ்சது நமக்குல்ல, வாத்தியாரே" என்றார்.

உண்மைதான். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பரை வாங்க ஆளில்லை. மரம் வெட்டு நின்றது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. வேலையற்று நின்ற அந்த ஜனங்களைத்தான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். பெரியவரின் அண்ணனும் 1943இல் அப்படிப் போனவர். திரும்பவில்லை.

உள்ளே நேதாஜியின் படத்தருகே வந்ததும் பெரியவர் கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலையில். அக்டோபர் 21ஆம் நாள் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் நம் தோட்டங்களிலிருந்து போனவர்கள்.

"நாட்டுக்காகன்னுதான் சேந்தீங்களா, தாத்தா?" என்று கேட்டேன்.

"நேதாஜி பேச்சக் கேட்டா யாருக்கும் ரத்தம் சூடேறும். ஆனா பொய் சொல்லப்படாது. அடுத்து என்னையும் சயாமுக்குப் புடிச்சிடுவாங்கன்னு அம்மா அழுதுச்சு. பட்டாளத்துல சேந்துட்டா புடிக்க மாட்டாங்க."

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. 1944இல் அவருடைய படையைப் பர்மாவுக்கு ஏற்றிப் போனது அதே சயாம் ரயில்தானாம்.

"ராத்திரியெல்லாம் நான் கண்ண மூடல. எங்க அண்ணன் எந்தக் கட்டைக்குக் கீழ கெடக்குறானோன்னு பாத்துக்கிட்டே போனேன்."

415 கிலோமீட்டர் பாதை அது. அதில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் பல மடங்கு. சயாம் காஞ்சனபுரிக் கல்லறையில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. நம்மவர்களைக் கூட்டம் கூட்டமாகக் குழியில் தள்ளி மூடினார்கள்.

வெளியே வரும்போது, "சயாமுக்குப் போனவங்க பேரு எழுதின பலக எங்கயாச்சும் இருக்குங்களா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் படித்த சரித்திரமெல்லாம் அந்த இடத்தில் உதவவில்லை.

மாலையில் எஸ்பிளனேடுக்குப் போனோம். இந்திய தேசிய இராணுவத்தில் உயிர்விட்டவர்களுக்காக 1945 ஜூலை 8ஆம் நாள் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுத்தூண் அங்கே இருந்தது. பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அதை இடித்துத் தள்ளினார்கள். 1995இல் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைத்தார்கள். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூடப் போனவர்களில் நாலைந்து பேர் பெயரை முணுமுணுத்தார்.

திரும்பும் பேருந்தில் என் பையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, "அண்ணன் பேர எழுதிக்குங்க" என்றார். பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் சொன்னார். புறப்பட்ட மாதம்தான் நினைவில் இல்லை.

"ரப்பர் எல கொட்டுற காலம்" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.